மூன்று பிரகடனங்களும் ஒரு நலனும்

ஒரு கம்பெனி யாருடைய நலனுக்காக நடத்தப்படுகிறது என்ற கேள்விக்கு, அமெரிக்காவின் பிசினஸ் ரவுண்ட்டேபிள் என்ற சங்கம் நாற்பது ஆண்டுகளுக்குள் மூன்று முறை விடை எழுதியிருக்கிறது. 1981-இல் வந்த அறிக்கை பங்குதாரர், தொழிலாளி, வாடிக்கையாளர், சரக்கு தருபவர், ஆலை இருக்கும் ஊர் என எல்லோருடைய நலனையும் சீர்தூக்கி நடப்பதே நிர்வாகத்தின் பொறுப்பு என்றது. 1997-இல் பேச்சு மாறியது. நிர்வாகத்தின் தலையாய கடமை பங்குதாரர்களுக்கே. மற்றவர்களைக் கவனிப்பது அதிலிருந்து கிளைக்கும் காரியம். 2019 ஆகஸ்ட் 19 அன்று 181 சி.இ.ஓ.க்கள் கையெழுத்திட்டு மறுபடியும் எல்லோரையும் பட்டியலில் சேர்த்தார்கள். பங்குதாரருக்கு அதில் கடைசி இடம்.

2019 அறிக்கையைப் பத்திரிகைகள் பெரிய திருப்பமாகக் கொண்டாடின. கம்பெனியின் சமூகப் பொறுப்பு லாபத்தைப் பெருக்குவதே என்று மில்டன் ஃப்ரீட்மன் 1970-இல் எழுதிய கட்டுரைக்கு மூடுவிழா நடந்துவிட்டதாகப் பலர் எழுதினார்கள். வெறும் விளம்பரம் என்று சிலர் தள்ளினார்கள். இரண்டு தரப்பும் அறிக்கையின் வாசகத்தையே பிடித்துக்கொண்டு தொங்கியதாக எனக்குத் தோன்றுகிறது. ஒரு சங்கத்தை எடை போட அதன் பிரகடனம் போதாது. அது எந்தச் சட்டத்துக்குப் பணம் செலவிட்டது, எந்த விதியை எதிர்த்து நீதிமன்றம் போனது, எங்கே வாய் திறக்கவில்லை என்பவற்றையும் பார்க்க வேண்டும். ஐம்பது ஆண்டுப் பதிவு கைவசம் இருக்கிறது.

அமைப்பைப் பற்றிச் சுருக்கமாக. சி.ஐ.ஐ., ஃபிக்கி போன்ற நம் சங்கங்களில் கம்பெனிகள் உறுப்பினர்கள். ரவுண்ட்டேபிள் என்ற இந்த வட்டமேசையில் உறுப்பினர் சி.இ.ஓ. என்ற ஆள்தான். பெரிய கம்பெனிகளின் தலைவர்கள் சுமார் இருநூறு பேர். பதவி போனால் நாற்காலியும் போகும். அலுவலகம் வாஷிங்டனில். சந்தாவைக் கட்டுவது கம்பெனி. உட்கார்ந்து முடிவெடுப்பது சி.இ.ஓ. இந்தச் சின்ன விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் பெரிதாக வேலை செய்யப்போகிறது.

இச்சங்கத்தின் பிறப்பைச் சொல்லும்போது லூயிஸ் பவல் 1971 ஆகஸ்டில் அமெரிக்க வர்த்தக சபைக்கு எழுதிய குறிப்பிலிருந்து தொடங்குவது வழக்கமாகிவிட்டது. தொழில்துறை தாக்குதலுக்கு உள்ளாகியிருக்கிறது, திரண்டு எழ வேண்டும் என்று அவர் எழுதினார். சில மாதங்களில் உச்ச நீதிமன்ற நீதிபதியும் ஆனார். கதையாக நன்றாக இருக்கிறது. ஆனால் வேர் இன்னும் சாதாரணமான இடத்தில் இருக்கிறது: கட்டடத் தொழிலாளர் கூலி. யு.எஸ். ஸ்டீலின் முன்னாள் தலைவர் ரோஜர் ப்ளவ் 1969-இல் ஒரு குழு அமைத்தார். ஆலை கட்டச் செலவிடும் பெரிய கம்பெனிகள் ஒன்றுகூடி, கட்டுமானச் சங்கங்களின் கூலி உயர்வை அடக்குவது அதன் நோக்கம். ‘ரவுண்ட்டேபிள்’ என்ற பெயரே அங்கிருந்து வந்தது. தொழிலாளர் சட்டங்களைத் தளர்த்த வேலை செய்துவந்த இன்னொரு குழு இருந்தது. மூன்றாவது, அல்கோவாவின் ஜான் ஹார்ப்பரும் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் ஃப்ரெட் போர்ச்சும் தொடங்கிய மார்ச் குழு. சி.இ.ஓ.க்கள் நேரில் வந்து பேசினால்தான் வாஷிங்டனில் காரியம் ஆகும் என்று அவர்களைத் தூண்டியவர்களில் நிக்சனின் நிதியமைச்சர் ஜான் கானலியும் மத்திய வங்கித் தலைவர் ஆர்தர் பர்ன்ஸும் உண்டு. 1972-ஐ ஒட்டி மூன்றும் ஒன்றாயின. ஆகவே வெளியிலிருந்து அரசை முற்றுகையிட்ட படை என்று இதைச் சித்திரிப்பது பாதி உண்மைதான். அரசுக்குள் இருந்தவர்களும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கூப்பிட்டார்கள்.

புதுமை என்று சொன்னால் அதன் முறையைத்தான் சொல்ல வேண்டும். அதுவரை கம்பெனிகள் சம்பளத்துக்கு ஆள் வைத்து லாபி செய்தன. இப்போது டுபாண்டின் இர்விங் ஷபிரோவே வந்து செனட்டரின் அறைக்கு வெளியே காத்திருந்தார். தன் தொகுதியில் ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கொடுக்கும் கம்பெனியின் தலைவர் வந்து நின்றால், எந்த மக்கள் பிரதிநிதியும் உதவியாளரை அனுப்பிச் சமாளிக்க முடியாது.

அந்த முறை எப்படி வேலை செய்தது என்பதற்கு 1977-78 நல்ல சாட்சி. வெள்ளை மாளிகையில் ஜனநாயகக் கட்சியின் கார்ட்டர். காங்கிரஸின் இரு அவைகளிலும் அதே கட்சிக்குப் பெரும்பான்மை. தொழிற்சங்கங்களும் ரால்ஃப் நேடரின் நுகர்வோர் இயக்கமும் தங்கள் காலம் வந்துவிட்டதாக நம்பின. மூன்று மசோதாக்கள் வரிசையாக விழுந்தன. ஒரு துணை ஒப்பந்ததாரரோடு தகராறு இருந்தாலும் கட்டுமான இடம் முழுவதையும் மறியல் செய்யலாம் என்ற மசோதா, 1977 மார்ச்சில் பிரதிநிதிகள் சபையில் 217-க்கு 205 என்ற கணக்கில் தோற்றது. நுகர்வோர் பாதுகாப்பு முகமை அமைக்கும் மசோதா 1978 பிப்ரவரியில் 227-க்கு 189 என்று தோற்றது. தொழிற்சங்கத் தேர்தல்களை விரைவுபடுத்தி, சட்டம் மீறும் முதலாளிகளுக்கு அபராதத்தைக் கூட்டும் மசோதா பிரதிநிதிகள் சபையில் எளிதாக நிறைவேறி, செனட்டில் மாட்டிக்கொண்டது. பேசியே இழுத்தடிப்பவர்களை நிறுத்த 60 வாக்கு தேவை. ஆறு முறை முயன்றும் 58-க்கு மேல் தேறவில்லை.

நுகர்வோர் முகமை விஷயத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். வாட்டர்கேட் வழக்கில் நிக்சனை விரட்டிய அரசு வழக்கறிஞர் லியான் ஜவோர்ஸ்கியை வட்டமேசை தன் தரப்பில் பேச அமர்த்தியது. அவருடைய நேர்மைப் பெயருக்கு அப்போது இருந்த சந்தை மதிப்பை யோசித்துப் பாருங்கள். அதோடு நிற்கவில்லை. ஒரு செய்தி விநியோக நிறுவனத்துக்குப் பணம் கொடுத்து, முகமைக்கு எதிரான தலையங்கங்களையும் கார்ட்டூன்களையும் தயார் நிலையில் எழுதி, வரைந்து, ஆயிரக்கணக்கான நாளிதழ்களுக்கும் வாரப் பத்திரிகைகளுக்கும் இலவசமாக அனுப்ப ஏற்பாடு செய்தது. சிற்றூர்ப் பத்திரிகைகள் பல அதைத் தங்கள் சொந்தத் தலையங்கம் போலவே அச்சிட்டன. படித்தவருக்கு அது தன் ஊர் ஆசிரியரின் கருத்து. எழுதியவர்களுக்குக் கூலி வந்தது நாட்டின் மிகப் பெரிய கம்பெனிகளிடமிருந்து. வாதத்தில் சரக்கு இருந்ததா என்றால் இருந்தது. இன்னொரு அதிகார அடுக்கு வேண்டாம் என்பது நியாயமாகவே விவாதிக்கத்தக்க கருத்து. அப்படியென்றால் ஏன் சொந்தப் பெயரில் சொல்லவில்லை?

தொழிலாளர் சட்டத் திருத்தத்தின் கதை வேறு மாதிரி. இங்கே வட்டமேசைக்குள்ளேயே பிளவு. தொழிற்சங்கங்களோடு பல ஆண்டுகள் உட்கார்ந்து பேசிப் பழகிய ஜெனரல் மோட்டார்ஸ், ஜெனரல் எலெக்ட்ரிக், டுபாண்ட் தலைவர்கள் ஒதுங்கியிருக்கலாம் என்றார்கள். சங்கமே இல்லாத கம்பெனிகளும் எஃகுக் கம்பெனிகளும் எதிர்க்க வேண்டும் என்றன. பெரும்பான்மை எதிர்ப்பவர்கள் பக்கம் போனது. விளைவு உடனே தெரிந்தது: வாகனத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் டக்ளஸ் ஃப்ரேசர் 1978 ஜூலையில், தொழிலாளர்களும் நிர்வாகமும் கூடிப் பேசும் உயர்மட்டக் குழுவிலிருந்து விலகினார். தொழிலதிபர்கள் ஒருதலையான வர்க்கப் போரைத் தொடங்கிவிட்டார்கள் என்பது அவர் எழுதிய கடிதத்தின் சாரம். 1983-இல் அமெரிக்கத் தொழிலாளர்களில் 20.1 சதவீதம் பேர் சங்கங்களில் இருந்தார்கள், 2024-இல் 9.9 சதவீதம். இந்தச் சரிவுக்கு இயந்திரமயம், இறக்குமதி, தெற்கு மாநிலங்களுக்கு நகர்ந்த ஆலைகள் என்று காரணங்கள் பல. எல்லாவற்றையும் ஒரு வாக்கெடுப்பின் தலையில் கட்டுவது சரியல்ல. ஆனால் சரிவைத் தடுத்திருக்கக்கூடிய ஒரு சட்டத்தை இரண்டு வாக்கில் கவிழ்த்த கூட்டணியில் வட்டமேசையின் பங்கு பெரிது. இது நடந்து மூன்றாண்டில்தான் தொழிலாளியையும் சேர்த்து அரவணைக்கும் 1981 அறிக்கை வருகிறது.

மார்க் மிஸ்ருச்சி என்ற சமூகவியலாளர் 2013-இல் வந்த தன் நூலில் ஒரு வாதம் வைக்கிறார். போருக்குப் பிந்தைய தலைமுறையின் தொழிலதிபர்கள், 1942-இல் தொடங்கிய பொருளாதார மேம்பாட்டுக் குழு போன்ற அமைப்புகள் வழியாக, வரியையும் சங்கங்களையும் ஓரளவு ஏற்றுக்கொண்டு நாட்டின் நீண்டகால நலனைப் பேசினார்கள். எழுபதுகளில் திரண்டு போராடி வென்றார்கள். வென்றதாலேயே திரண்டிருக்கத் தேவை இல்லாமல் சிதறினார்கள். அவருடைய கணக்கில் இன்றைய வட்டமேசை பலமான அமைப்பே அல்ல. ஒவ்வொரு கம்பெனியும் தன் சலுகையைத் தேடி ஓடும் காலத்தின் மிச்சம். பாதி ஒப்புக்கொள்கிறேன். குடியேற்றச் சீர்திருத்தத்துக்காக வருடக்கணக்கில் பேசியும் சட்டம் வரவில்லை. சுங்கவரிகளை 2018-லும் தடுக்க முடியவில்லை, 2025-லும் முடியவில்லை. நூறு கோடி டாலருக்கு மேல் லாபக் கணக்குக் காட்டும் கம்பெனிகள் குறைந்தது 15 சதவீத வரி கட்ட வேண்டும் என்ற 2022 சட்டம், வட்டமேசை எதிர்த்தும் நிறைவேறியது. ஆக, சர்வவல்லமை என்பது மிகை. ஆனால் சிதறியவர்கள் சில விஷயங்களில் மட்டும் சிதறவே இல்லையே, அது ஏன்? மிஸ்ருச்சியின் வாதத்தில் எனக்கு இடிக்கும் இடம் இதுதான்.

அந்தச் சில விஷயங்களைப் பார்ப்போம். 1988-இல் எஸ்.இ.சி., அதாவது நம் செபிக்கு நிகரான ஆணையம், ஒரு விதி கொண்டுவந்தது: ஏற்கெனவே உள்ள பங்குதாரர்களின் வாக்குரிமையைக் குறைக்கும் கம்பெனிகளைப் பங்குச் சந்தைகள் பட்டியலில் வைத்திருக்கக் கூடாது. வட்டமேசை வழக்குப் போட்டது. 1990-இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் விதியைத் தள்ளுபடி செய்தது. சில ஆண்டுகள் கழித்துச் சந்தைகள் தாமாகவே அதைப் போன்ற விதியை ஏற்றன என்பது வேறு விஷயம். 1993-இல் கணக்கியல் வாரியம், அதிகாரிகளுக்குத் தரும் பங்கு விருப்ப உரிமைகளைக் கம்பெனியின் செலவாகக் கணக்கில் காட்ட வேண்டும் என்றது. பங்குதாரருக்குத் தன் பணத்திலிருந்து சி.இ.ஓ.வுக்கு எவ்வளவு போகிறது என்று தெரியட்டும் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. சிலிக்கான் பள்ளத்தாக்கும் வட்டமேசையும் ஒரே குரலில் எதிர்த்தன. செனட் 1994-இல் 88-க்கு 9 என்று வாரியத்தைக் கண்டித்தது. வாரியம் பின்வாங்கியது. என்ரான், வேர்ல்ட்காம் எல்லாம் கணக்கு மோசடியில் சரிந்த பிறகு 2004-இல்தான் அந்த விதி வந்தது.

இந்த இரண்டுக்கும் பிறகு வருவதுதான் பங்குதாரரே தலையாயவர் என்ற 1997 அறிக்கை. அதற்குப் பிறகு? 2010-இல், நிதி நெருக்கடியை ஒட்டிய டாட்-ஃப்ராங்க் சட்டம் தெளிவாகத் தந்த அதிகாரத்தின் பேரில், எஸ்.இ.சி. இன்னொரு விதி போட்டது. ஒரு கம்பெனியில் 3 சதவீதப் பங்கை மூன்று ஆண்டுகள் வைத்திருப்பவர்கள், இயக்குநர் குழுவில் கால்வாசி இடம் வரை தங்கள் வேட்பாளர்களைக் கம்பெனியின் வாக்குச்சீட்டிலேயே நிறுத்தலாம். அதாவது முதலாளிகளான பங்குதாரர்கள், தங்கள் கணக்குப்பிள்ளையை மேற்பார்க்க ஆள் அனுப்பலாம். வட்டமேசையும் வர்த்தக சபையும் நீதிமன்றம் போயின. 2011 ஜூலையில், செலவையும் பயனையும் ஆணையம் ஒழுங்காக ஆராயவில்லை என்று நீதிமன்றம் விதியை ரத்துசெய்தது. ஆணையம் மேல்முறையீடு செய்யவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் சுவாரசியம். நியூயார்க் நகர ஓய்வூதிய நிதிகள் 2014 முதல் ஒவ்வொரு கம்பெனியாகப் போய் அதே உரிமையைக் கேட்டன. சில ஆண்டுகளில் பெரிய கம்பெனிகளில் பெரும்பான்மை தாமாகவே கொடுத்துவிட்டன. வானம் இடிந்து விழவில்லை. அந்த உரிமையை யாரும் பயன்படுத்துவதே அரிது. நீதிமன்றத்தில் பூதாகரமாகக் காட்டப்பட்ட செலவும் குழப்பமும் எங்கே? இந்தச் சங்கம் ‘இதனால் பெரும் பாதிப்பு வரும்’ என்று அரசுக் குழுக்களின் முன் சொல்லும் சாட்சியத்தை எவ்வளவு தள்ளுபடியோடு எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு இது ஓர் அளவுகோல்.

2020 செப்டம்பர், அதாவது எல்லோருக்கும் பொறுப்பு என்ற பிரகடனம் வந்து ஓராண்டு. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவர 2,000 டாலர் பங்கை ஓராண்டு வைத்திருந்தாலே போதும் என்று இருந்ததை, ஓராண்டுதான் என்றால் 25,000 டாலர் வேண்டும் என்று எஸ்.இ.சி. உயர்த்தியது. வட்டமேசை கேட்டுவந்த மாற்றம்தான் அது. சிறு பங்குதாரர்களும் கன்னிகாஸ்திரீகளின் சபைகளும் தட்பவெப்பம், கூலி, அரசியல் செலவு பற்றிக் கேள்வி எழுப்ப வைத்திருந்த ஒரே கதவு குறுகியது. பங்குதாரருக்கும் பயனில்லை, அவர்கள் வழியாகப் பேசிய தொழிலாளிக்கும் சுற்றுச்சூழலுக்கும் பயனில்லை.

மூன்று பிரகடனங்களையும் இந்த வழக்குகளோடு பக்கத்தில் வைத்தால் முரண் மறைந்துவிடுகிறது. 1990, 1994, 2011, 2020: எல்லாவற்றிலும் காப்பாற்றப்பட்டது சி.இ.ஓ.வின் கை. தொழிலாளிக்கும் அரசுக்கும் பதில் சொல்லச் சொன்னால் ‘பங்குதாரருக்குக் கடமைப்பட்டிருக்கிறோம்’ என்பது தோதான விடை. பங்குதாரர் பிடி இறுகும்போது ‘எல்லோர் நலனையும் பார்க்க வேண்டியிருக்கிறதே’ என்பது தோதான விடை. எல்லோருக்கும் பொறுப்பு என்றால் யாருக்கும் பொறுப்பில்லை என்று நிறுவன முதலீட்டாளர்களின் கவுன்சில் 2019 அறிக்கை வந்த அன்றே சொன்னது அதனால்தான். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்திலிருந்து வந்த விவேக் ராமசாமி 2021-இல் எழுதிய நூலில், சி.இ.ஓ.க்கள் வாக்காளர்களின் வேலையைப் பறித்துக்கொள்கிறார்கள் என்று வலதுபக்கத்திலிருந்து தாக்கினார். எனக்கு அந்தத் தாக்குதல் குறி தவறியதாகவே படுகிறது. அறிக்கையை அவர் நிஜமென்று நம்பிவிட்டார்.

நிஜமில்லை என்பதற்கு ஒரு சின்னச் சோதனை போதும். ஹார்வர்டின் லூசியன் பெப்சுக்கும் ராபர்ட்டோ தல்லாரிட்டாவும் கையெழுத்திட்ட கம்பெனிகளுக்கு எழுதிக் கேட்டார்கள்: இந்த அறிக்கையில் சேருவதற்கு யார் ஒப்புதல் கொடுத்தது? 48 கம்பெனிகள் பதில் சொன்னன. 47-இல் இயக்குநர் குழு ஒப்புதல் தரவில்லை. ஒன்றில் மட்டும் தந்திருந்தது. கம்பெனியின் நோக்கத்தையே மாற்றும் பெருமுடிவு என்றால் இயக்குநர் குழுவின் மேசைக்குப் போகாமல் இருக்குமா? ஒரு பெரிய சொத்தை விற்கவே பொதுவாக அங்கே போக வேண்டும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது கையெழுத்துப் போட்டவர்களுக்கே தெரிந்திருந்தது.

சங்கத்தின் இன்னொரு முகம், தன் கோரிக்கையைப் பிறர் நலனாக முன்வைப்பது. 2017 வரிச் சட்டத்தைவிட இதற்கு நல்ல உதாரணம் இல்லை. கம்பெனி வரி 35 சதவீதத்திலிருந்து 21 ஆனது. அந்த ஓராண்டில் வட்டமேசை லாபிக்குச் செலவிட்டது 2 கோடியே 70 லட்சம் டாலருக்கு மேல். தொழிலாளர் கூலி உயரும் என்பதே பிரசாரத்தின் மையம். வெள்ளை மாளிகையின் பொருளாதார ஆலோசகர் குழு, சராசரிக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4,000 முதல் 9,000 டாலர் வரை கூடும் என்றது. அந்த நவம்பரில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நடத்திய சி.இ.ஓ. கூட்டம் ஒன்றில் (வட்டமேசையின் கூட்டம் அல்ல; ஆனால் அதே மாதிரி மனிதர்கள்) மேடையில் இருந்தவர் டிரம்ப்பின் பொருளாதார ஆலோசகர் கேரி கோன். வரி குறைந்தால் உங்களில் யார் முதலீட்டைக் கூட்டப்போகிறீர்கள், கை தூக்குங்கள் என்று நெறியாளர் கேட்டார். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கைகள் எழுந்தன. மற்றக் கைகள் ஏன் எழவில்லை என்று கோன் சிரித்துக்கொண்டே கேட்டார். அந்தச் சிரிப்பு கேமராவில் இருக்கிறது.

கை தூக்காதவர்கள் பொய் சொல்லவில்லை என்பதைத்தான் பாராட்ட வேண்டும். 2018-இல் எஸ் அண்டு பி 500 பட்டியலின் கம்பெனிகள் தங்கள் சொந்தப் பங்குகளைத் திரும்ப வாங்கச் செலவிட்ட தொகை 80,600 கோடி டாலர், அதுவரை இல்லாத உச்சம். கூலிக்கு என்ன ஆனது? காங்கிரஸின் வரிக் குழுவையும் மத்திய வங்கியையும் சேர்ந்த பொருளியலாளர்கள் வரிப் பதிவுகளை வைத்து ஆராய்ந்தார்கள். கம்பெனிக்குள் வருமானத்தில் மேல் பத்து சதவீதத்தில் இருப்பவர்களுக்குக் கீழே யாருடைய சம்பளத்திலும் மாற்றம் தெரியவில்லை. முதலீடு ஓரளவு கூடியது உண்மை. அதை மறைக்கக் கூடாது. ஆனால் மக்களிடம் விற்கப்பட்ட சரக்கு கூலி உயர்வு. அது வந்து சேரவில்லை.

சீன வர்த்தகத்திலும் இதே மாதிரிதான். 2000-இல் சீனாவுக்கு நிரந்தர இயல்பு வர்த்தக உறவு தரும் சட்டத்துக்காக வட்டமேசை பெரும் விளம்பரப் போர் நடத்தியது. ஏற்றுமதி பெருகும், அமெரிக்க வேலை பெருகும் என்பது வாக்குறுதி. 1999-க்கும் 2011-க்கும் இடையே சீன இறக்குமதியால் போன வேலைகள் 20 லட்சத்திலிருந்து 24 லட்சம் வரை என்று டேவிட் ஆட்டரும் அவர் சகாக்களும் பின்னாளில் கணக்கிட்டார்கள். பொருட்கள் மலிந்ததும் மறுக்க முடியாத நன்மை. ஆனால் வேலை இழக்கும் ஊர்களுக்கு ஈடு செய்ய வேண்டும் என்று கேட்க, அதே வேகத்தோடு யாரும் விளம்பரம் போடவில்லை.

ஒருமித்த கருத்து இருநூறு பேரிடையே எப்படி உருவாகிறது என்று கவனித்தால் இதற்கு விளக்கம் கிடைக்கும். 1994 பிப்ரவரியில் கிளின்டனின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைக் கைவிட்டு, காங்கிரஸ் உறுப்பினர் ஜிம் கூப்பரின் போட்டித் திட்டத்தை வட்டமேசை ஆதரித்தது. கிளின்டன் திட்டத்துக்கு அது பலத்த அடி. ஓய்வுபெற்றவர்களின் மருத்துவச் செலவில் மூழ்கிக்கொண்டிருந்த கார் கம்பெனிகளுக்கு அத்திட்டத்தில் லாபம் இருந்தது. அப்புறம் எப்படி? சங்கத்தின் மருத்துவக் குழுவுக்குத் தலைவர், ப்ருடென்ஷியல் காப்பீட்டு நிறுவனத்தின் தலைவர். எந்த விஷயத்தில் யாருக்கு அதிக அக்கறையோ அவர் கையில் அந்தக் குழு போகிறது. மற்றவர்கள் தங்கள் முறை வரும்போது இதே மரியாதை கிடைக்கும் என்று பெயரைக் கொடுத்துவிடுகிறார்கள். ஒரு துறையின் தேவை, இருநூறு கம்பெனிகளின் குரலாக, பிறகு பொருளாதாரத்தின் குரலாக வெளியே வருகிறது. இதில் சதி ஒன்றும் இல்லை. எந்தச் சங்கத்திலும் நடப்பதுதான். ஆனால் கேட்பவர்களுக்கு அந்த உள்கணக்கு தெரிவதில்லை.

மறுபக்கத்தையும் வைக்க வேண்டும். 1977-இல் இஸ்ரேலை அரபு நாடுகள் ஒதுக்கிவைத்ததற்கு அமெரிக்கக் கம்பெனிகள் துணைபோவதைத் தடுக்கும் சட்டம் முட்டுச்சந்தில் நின்றபோது, ஷபிரோ தலைமையிலான வட்டமேசை யூத அமைப்பான ஆன்ட்டி-டிஃபமேஷன் லீகோடு நேருக்கு நேர் உட்கார்ந்து வாசகத்தைப் பேசி முடித்தது, சட்டம் நிறைவேறியது. 1979-இல் கிரைஸ்லருக்கு அரசு கைகொடுக்க வேண்டாம் என்று சொன்னது. கொள்கைப்படி சரிதான், கிரைஸ்லரின் தலைவர் லீ அயக்கோக்கா அதை எளிதில் மன்னிக்கவில்லை என்றாலும். என்ரானுக்குப் பிறகு வர்த்தக சபை முரண்டு பிடித்தபோது, செனட்டர் சார்பேன்ஸின் தணிக்கைச் சீர்திருத்த மசோதாவை வட்டமேசை ஆதரித்தது. 2018-இல் எல்லையில் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்ததைக் கண்டித்தது. அதே ஆகஸ்டில் எச்-1பி விசா நீட்டிப்புகள் தாறுமாறாக மறுக்கப்படுவதையும், விசாதாரர்களின் கணவன் மனைவியருக்கு வேலை அனுமதியை ரத்துசெய்யும் யோசனையையும் எதிர்த்து, உள்துறைப் பாதுகாப்பு அமைச்சருக்குச் சங்கம் அனுப்பிய கடிதத்தில் சென்னையில் பிறந்த பெப்சிகோ தலைவர் இந்திரா நூயியின் கையெழுத்தும் இருந்தது. அந்த வருடம் விசா பயத்தில் தூங்காமல் கிடந்த பல தமிழ்க் குடும்பங்களுக்கு அது பெரிய ஆறுதல். வேறு எந்த அமைப்பும் அத்தனை கனமான கடிதத்தை அனுப்பியிருக்க முடியாது.

இவற்றை ஒதுக்கிவிட்டுத் தீர்ப்பு எழுதினால் அது நேர்மையில்லை. ஆனால் இவற்றில் ஒரு பொதுத்தன்மை தென்படுகிறது. ஒன்று, சி.இ.ஓ.க்களின் அதிகாரத்துக்கு இதில் ஆபத்து இல்லை. அல்லது, சார்பேன்ஸ் மசோதாவைப் போல, சந்தை முழுவதும் நம்பிக்கை இழந்து, எதிர்ப்பது அதைவிட ஆபத்து என்ற கட்டம். அடிமடியில் கை படாதவரை இச்சங்கம் நிதானமாக, தகவலோடு, சில நேரம் தைரியமாகக்கூடப் பேசுகிறது. படும்போது பேச்சு வேறு.

2025 இதற்குப் புதிய உதாரணம். ஏப்ரலில் டிரம்ப் கிட்டத்தட்ட எல்லா நாடுகள் மீதும் சுங்கவரி அறிவித்தபோது, உற்பத்தியாளருக்கும் குடும்பங்களுக்கும் பெரும் தீங்கு நேரலாம் என்று வட்டமேசை சொன்னது. சொன்ன தொனியில் அதிபரின் நோக்கத்துக்குப் பாராட்டும் சேர்ந்தே இருந்தது. வழக்கு இல்லை, பெரிய பிரசாரம் இல்லை. மூன்று மாதம் கழித்து, முதலீட்டுச் செலவை உடனே முழுதும் கழித்துக்கொள்ளும் சலுகையை நிரந்தரமாக்கிய வரிச் சட்டத்துக்கு ஆதரவு உரக்க வந்தது. ஓராண்டு முன்பு, 2024 ஜூன் 13 அன்று, வாஷிங்டனில் இவர்களுடைய கூட்டத்துக்கு வேட்பாளராக வந்த டிரம்ப் கம்பெனி வரியை 20 சதவீதமாக்குவேன் என்றார்; பைடன் தன் தலைமை அலுவலரை அனுப்பினார். ஆள்பவர்களும் ஆள வருபவர்களும் இருப்பிடம் தேடி வரும் சங்கம், ஐம்பது ஆண்டு அனுபவத்தில் பயின்ற தடையில்லா வர்த்தகக் கொள்கைக்காக எவ்வளவு செலவிடத் தயாராக இருந்தது என்பது அந்த மூன்று மாதத்தில் தெரிந்துபோனது.

என் தீர்ப்பு இது. மனு கொடுப்பதும் வாதாடுவதும் இவர்களுடைய உரிமை. அதைப் பறிக்கச் சொல்ல இடமில்லை. வணிகம், விசா, கணக்கியல் போன்றவற்றில் இவர்கள் தரும் தகவலுக்குப் பயன் உண்டு. ஆனால் ‘அமெரிக்கத் தொழில்துறையின் குரல்’ என்ற தகுதியை இச்சங்கத்துக்குக் கொடுத்துவந்தது பிழை. இது தொழில்துறையின் ஓர் அடுக்கில் இருக்கும் மனிதர்களின் சங்கம். நிர்வாகிகளின் சம்பளம், அவர்களைக் கேள்வி கேட்கும் உரிமை, கம்பெனி வரி ஆகிய மூன்றிலும் இவர்கள் வழக்கில் ஒரு தரப்பு. நிபுணர் சாட்சி அல்ல. 1965-இல் ஒரு பெரிய கம்பெனி சி.இ.ஓ.வின் வருமானம் சராசரித் தொழிலாளியைப் போல் சுமார் 20 மடங்கு இருந்தது. அண்மை ஆண்டுகளில் 300 மடங்கை ஒட்டி நிற்கிறது. இடைப்பட்ட காலத்தில் மூன்று பிரகடனங்களும் வந்து போயின, அந்த ஏற்றத்தை எதுவும் மாற்றவில்லை.

கம்பெனி கட்டும் சந்தாவில் சி.இ.ஓ. பேசுகிறார் என்று முன்னால் சொன்னேன். அந்தச் சந்தா எவ்வளவு, அதில் எவ்வளவு லாபிக்குப் போகிறது என்பதைக் கம்பெனிகள் பங்குதாரர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் எதுவும் கட்டாயப்படுத்தவில்லை. ஒவ்வொரு ஆண்டும் பொதுக்கூட்டங்களில் அந்த விவரத்தைக் கேட்டுத் தீர்மானங்கள் வருகின்றன. எதிர்த்து வாக்களியுங்கள் என்றுதான் இயக்குநர் குழுக்கள் பெரும்பாலும் பரிந்துரைக்கின்றன.